நேர்க்கோட்டுக்காரர்

ஹார்லன் குவாலே ஊராரைத் திட்டுவதற்கென்று வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கி வைத்திருந்தார். அது ஞாயிற்றுக்கிழமை. காலையில் சர்ச்சில் எல்லோருடைய பாவத்தையும் மன்னித்துவிட்டு வந்து, மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வயிறு முட்டச் சாப்பிட்டு, பிக்கப் வண்டியை எடுப்பார். பக்கத்தில் மனைவி மார்லிஸ். வண்டி ஊர்ந்துதான் போகும். சாலையின் இரண்டு பக்கமும் அடுத்தவன் வயல். காறித் துப்பாத குறையாகப் பேசிக்கொண்டே போவார்.

இது அவருக்கு மட்டும் உள்ள வியாதி என்று நினைத்துவிட வேண்டாம். தெற்கு டக்கோட்டாவின் அந்தக் கிழக்கு மூலையில் சோளம் விதைக்கிற அத்தனை பேரும் ஞாயிறு மதியம் இதே வேலையாகத்தான் அலைவார்கள். அதற்கு ஒரே ஒரு ஒழுங்கு உண்டு. வண்டியின் கண்ணாடியை ஏற்றியிருக்க வேண்டும். எதிரே இன்னொரு வண்டி வந்தால் ஸ்டீரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தி வணக்கம் வைக்க வேண்டும். வாய் பாட்டுக்கு அவனையே திட்டிக்கொண்டிருக்கலாம், விரல் மட்டும் மரியாதையாக எழுந்தால் போதும். முகத்துக்கு நேரே யாரும் யாரையும் குறை சொல்லிவிட மாட்டார்கள். வாயில் வைக்க முடியாத பலகாரத்தைத் தின்றுவிட்டுக்கூட, "வித்தியாசமா இருக்கே" என்பார்கள். அந்த ஊரில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது.

எதை வைத்துத் திட்டுவார்கள் என்றால், வரிசையை வைத்து. விதைத்த வரிசை நேராக இருக்கிறதா, கோணலா? அவ்வளவுதான். அவர்கள் தாத்தன்மார் வருவதற்கு முன்பே அரசாங்கத்து அளவைக்காரர்கள் சங்கிலியைப் பிடித்து அந்தப் புல்வெளியைக் கட்டம் கட்டமாகக் கிழித்துப் போட்டிருந்தார்கள். சாலை நேர், வேலி நேர், கல்லறையில் படுத்திருப்பவனும் நேர். அதற்கும் முன்னால் காட்டெருமைகளின் பின்னே வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்த டக்கோட்டா ஜனங்கள் என்ன ஆனார்கள் என்று ஊரின் நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு விழா மலரைப் புரட்டினால், "நிலம் காலியாகக் கிடந்தது" என்று போட்டிருக்கும். காலியாகக் கிடந்த நிலத்தில் நேராக உழுதவன் யோக்கியன், கோணலாக உழுதவன் குடிகாரன். இதுதான் அவர்களுடைய வேதம். சர்ச்சில் படிப்பதெல்லாம் சும்மா.

இந்த வேதத்தில் ஹார்லன் பெரிய பூசாரி. இளவட்டமாக இருந்த காலத்திலிருந்தே அவர் வரிசை நூல் பிடித்த மாதிரி இருக்கும். பக்கத்து மாவட்டத்திலிருந்தெல்லாம் வந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காமல் வயிறு எரிந்து போவார்கள். அந்தப் பெருமை ஒன்றுதான் அவரிடம் இருந்த சொத்து என்று மார்லிஸ் நினைப்பாள். மற்ற சொத்தில் பாதி அவருடையதே இல்லை.

உண்மையும் அதுதான். அவர் விதைத்த நிலத்தில் சரிபாதி ஆர்டிஸ் லுண்ட் அம்மாளுடையது. அந்த அம்மாள் கல்யாணமாகி மினியாபொலிஸ் நகரத்துக்குப் போய் எத்தனையோ காலமாகிறது. அப்பா விட்டுப்போன நிலத்தை ஹார்லனிடம் குத்தகைக்கு விட்டிருந்தாள். வாய்ப்பேச்சுதான், வருஷா வருஷம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிலம் கையை விட்டுப் போனால் மிச்சத்தை வைத்துக்கொண்டு டிராக்டருக்கு டீசல் போடக் கட்டாது. எல்லாவற்றையும் ஏலத்தில் தள்ளிவிட்டு, டவுனில் முதியோர் இல்லத்துக்குப் பின்னால் கட்டிவிட்டிருக்கும் குடியிருப்புக்குப் போக வேண்டியதுதான். அங்கே பழைய விவசாயிகள் ஜன்னலோரம் உட்கார்ந்து, கார்கள் கோட்டுக்குள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். மார்லிஸுக்கு அந்த ஜன்னல்களைக் கண்டாலே குமட்டும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, டிராக்டர்கள் தாமாக ஓடத் தொடங்கும் வரை. ஆகாயத்தில் சுற்றும் ஏதோ ஒன்று கீழே டிராக்டருக்கு வழி சொல்லும்; ஓட்டுகிறவன் ஸ்டீரிங்கைத் தொடவே வேண்டாம். ஊரிலேயே முதலில் அதை வாங்கியவன் பக்கத்து நிலத்துக்காரன் கர்ட் வெண்ட்லர். ரஷ்யாவிலிருந்து வந்த ஜெர்மானிய வம்சம். நார்வே வம்சமான குவாலே குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக அதுவே ஒரு குறை. புழுதிப்புயல் காலத்தில் தாத்தன்மார் நட்டு வளர்த்த மரவேலி முழுவதையும் பெரிய இயந்திரம் திரும்ப இடமில்லை என்று வேரோடு பிடுங்கிக் கொளுத்தியவன் அவன். கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஃபோனை நோண்டியபடியே விதைத்தான். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி முளைத்தது.

"அவன் என்னடி விவசாயி? பஸ்ல வர்ற பாசஞ்சர்" என்பார் ஹார்லன். "டிக்கெட் எடுத்து உக்காந்திருக்கான், அவ்வளவுதான்."

அவருக்கும் அந்தக் கருவியை விற்க வந்த பையனை வாசலோடு திருப்பி அனுப்பினார். தன் கையால் பிடித்துத்தான் விதைப்பேன் என்றார். அதுவரை எல்லாம் மார்லிஸுக்குப் பழகிய வீறாப்புதான். போன வருஷக் கோடையில்தான் ஒரு ஞாயிறு அது வேறு விதமாகத் திரும்பியது.

"பாருடி அங்க! பாருடி அவன் வரிசைய! பாம்பு போன தடம் மாதிரி நெளிஞ்சு கெடக்கு. ஆகாசத்துலேருந்து வழி சொல்லுதாம். சொல்லுறவனும் குடிச்சிருப்பான் போல."

மார்லிஸ் பார்த்தாள். கர்ட்டின் வரிசை ஒரு மைல் தூரத்துக்குக் கம்பி மாதிரி போனது. பொறாமை, வேறென்ன என்று முதலில் விட்டுவிட்டாள். அடுத்த ஞாயிறு வேறொருவனுடைய வயலும் நெளிந்தது. அதற்கடுத்த வாரம் கொட்டகையின் கதவு நிலை கோணிவிட்டது, அஸ்திவாரம் இறங்குகிறது என்றார். குளிர்காலத்தில் வாசல் தபால் பெட்டியை வண்டியால் இடித்துத் தள்ளிவிட்டு, பெட்டியை நட்டவனைத் திட்டினார். நட்டது அவர்தான்.

மார்லிஸின் அக்காளுக்கும் இப்படித்தான் தொடங்கியது. கண்ணின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டு வந்தால் நேர்க்கோடெல்லாம் நெளிந்து தெரியும் என்று அக்காளைப் பார்த்த டாக்டர் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. ஆக, உலகத்தில் இத்தனை பேர் திடீரென்று கோணலாகிப் போகவில்லை.

"ஏன்யா, ஒரு தடவ கண்ண காட்டிட்டு வந்துடலாமே."

"எதுக்கு? அவன் வரிசை கோணலா இருந்தா என் கண்ணுக்கு வைத்தியமா? அந்த டாக்டர் பய மாட்டு வைத்தியத்துக்குப் படிச்சவன் மாதிரி இருக்கான். அவன் முன்னாடி போய் நான் எழுத்துப் படிக்கணுமா?"

அவள் அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். பேசினால் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று சோம்பல்பட்டாள். இந்த வசந்தத்தில் அவர் ஆர்டிஸம்மாளின் நிலத்தைத் தன் கையால் பிடித்து விதைத்தார். ஜூன் தொடக்கத்தில் அது முளைத்தது. காலையில் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போன மார்லிஸ் சாலையோரம் நிறுத்தி, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வரிசைகள் வலப்பக்கம் வீங்கி, இடப்பக்கம் குழிந்து, ஓரிடத்தில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஹார்லனுக்குக் கோணலாகத் தெரிந்ததையெல்லாம் அவர் சிரத்தையாக நேராக்கியிருந்தார்.

அன்று முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலையாயிற்று. ஒருமுறை தவறிப்போய் நெடுஞ்சாலையிலிருந்து எட்டிப் பார்த்தவர், "காத்து சாய்ச்சிருக்கு, மழை பெஞ்சா நிமிந்துக்கும்" என்று தன் பயிரை மன்னித்துவிட்டார். அடுத்தவனுக்குக் கிடைக்காத மன்னிப்பு.

ஊரின் நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கு ஆர்டிஸம்மாள் வருகிறாள் என்று சேதி வந்தபோது, நிலத்தை அவளுக்குக் காட்டாமல் அனுப்ப மார்லிஸ் வழி தேடத் தொடங்கினாள்.

விழா என்றால் அப்படியொரு விழா. எந்தக் குடும்பம் முதலில் வந்தது என்ற கணக்குப்படி ஊர்வலம். முந்தி வந்தவன் முன்னால், பிந்தி வந்தவன் குதிரைச் சாணத்தை மிதித்துக்கொண்டு பின்னால். எல்லோருக்கும் முந்தி அங்கே இருந்தவர்களில் நான்கு பேரைக் கடைசி வண்டியில் ஏற்றி முரசு அடிக்க விட்டிருந்தார்கள். மறுநாள் ஞாயிறு ஆராதனை கூடாரத்தில் நடந்தது. ஏனென்றால் ஊரில் ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு நார்வே சர்ச்சுகள். தாத்தன்மார் ஏதோ வேத விஷயத்தில் சண்டைபோட்டுப் பிரிந்தது. சண்டை என்னவென்று இப்போது ஒருவருக்கும் தெரியாது, ஆனாலும் இவன் படியை அவன் மிதிக்கமாட்டான். கூடாரத்துக்குள் மட்டும் அத்தனை பேரும் சகோதரர்கள்.

சாப்பாட்டு மேசையில் துருவிய கேரட் போட்ட பச்சை ஜெல்லி நடுங்கிக்கொண்டிருந்தது. ஆர்டிஸம்மாள் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, எண்பது வயசிலும் நிமிர்ந்த முதுகோடு, மார்லிஸின் கையைப் பிடித்தாள்.

"சாப்பிட்டுட்டு ஒரு சுத்து போலாமா? அப்பா நிலத்தப் பாத்து எவ்வளவு நாளாச்சு."

"தாராளமா!" என்றார் ஹார்லன், மார்லிஸ் வாயைத் திறப்பதற்குள். "ஊரு எந்த லட்சணத்துல இருக்குன்னு நீங்களும் பாருங்க ஆர்டிஸம்மா."

ஸ்டீரிங்கை மட்டும் மார்லிஸ் பிடித்துக்கொண்டாள். விருந்தாளியை முன்னால் உட்காரவைப்பதுதான் மரியாதை. ஆகவே ஹார்லன் வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் வீட்டுக் காரின் பின் சீட்டில் போய் உட்கார்ந்தார். முன்னால் வருகிற சாலை அவருக்குத் தெரியவில்லை, பக்கத்து ஜன்னல்தான். ஆனால் வாய்க்கு அது போதும். கண்ணாடிகள் ஏறியிருந்தன.

"இது ஹோல்ம் பய வயலு. களை எது பயிரு எதுன்னு அவனுக்கே தெரியாது."

எதிரே ஹோல்மின் வண்டியே வந்தது. மார்லிஸ் விரலை உயர்த்தினாள். அவனும் உயர்த்தினான்.

தெற்கே போகிற மாதிரி போய், தூரத்தில் இருந்த ஏரியைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடலாம் என்பது மார்லிஸின் திட்டம். நாற்சந்தியில் ஆர்டிஸம்மாள் மெதுவாகச் சொன்னாள்.

"இங்க திரும்பும்மா. வடக்குப் பக்கமா மண் ரோட்டுல போ. சின்னப் புள்ளையில அந்த வழியாத்தான் பள்ளிக்கூடம் போவேன்."

"அந்த ரோடு மோசங்க. புழுதி மண்டும்."

"புழுதி எனக்குப் புதுசா?"

திரும்பத்தான் வேண்டியிருந்தது. பின்னால் ஹார்லன் யாரோ ஒருவருடைய சேமிப்புக் கிடங்கின் கூரையைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார், திரும்பியதைக் கவனிக்கவில்லை; கர்ட்டுக்கு இன்னொரு நிலம் இருந்த ஏரி ரோட்டில்தான் போகிறோம் என்று நினைத்திருந்தார். மரவேலி இருந்திருந்தால் அது ஆர்டிஸம்மாளின் நிலத்து எல்லை என்று குருடனுக்கும் தெரிந்திருக்கும். அதைத்தான் கர்ட் கொளுத்தியாயிற்றே. வெட்டவெளியில் ஒரு மைல் போலவே இன்னொரு மைல் கிடந்தது. இடப்பக்கம் கர்ட்டின் நிலம், வலப்பக்கம் ஆர்டிஸம்மாளின் நிலம்.

"ஆங், கர்ட் நிலம் வந்துடுச்சா?" ஹார்லன் இடது ஜன்னலில் நெற்றியை வைத்துப் பார்த்தார். "பாருங்க, பாருங்க. மெஷினு போட்ட வரிசை எப்படி நெளியுது பாருங்க ஆர்டிஸம்மா."

ஆர்டிஸம்மாள் பார்த்தாள். நேராகப் போன வரிசையைப் பார்த்தாள். அப்புறம் தலையைத் திருப்பி மார்லிஸைப் பார்த்தாள். மார்லிஸ் சாலையைப் பார்த்தாள்.

ஹார்லன் வலது ஜன்னலுக்கு நகர்ந்தார்.

"நிறுத்துடி. வண்டிய நிறுத்து! இந்தக் கண்றாவிய ஆர்டிஸம்மா நல்லாப் பாக்கட்டும். அந்தப் பக்கமே தேவலாம் போலிருக்கே! ஓடுற மாடு மூத்திரம் பெஞ்ச மாதிரி... தூ! இதுக்குப் பேரு விதைப்பா? நான் பொறந்ததுலேருந்து இந்த ஊர்ல இப்படி ஒரு அசிங்கத்தப் பாத்ததில்ல. இவன நம்பி நிலத்தக் குத்தகைக்குக் குடுத்தாங்களே, அவங்களுக்குக் கண்ணு ரெண்டும் அவிஞ்சா போச்சு?"

மார்லிஸ் வண்டியை நிறுத்தியிருந்தாள். கிளப்பிவந்த புழுதி பின்னாலிருந்து வந்து காரை மூடிவிட்டு, மெல்ல விலகியது.

"இது யாரோட வயலு, ஹார்லன்?" என்று கேட்டாள் ஆர்டிஸம்மாள்.

"வேற யாரு? எல்லாம் அந்தக் கர்ட்டோடதுதான்."

ஆர்டிஸம்மாள் மறுபடியும் மார்லிஸின் பக்கம் திரும்பினாள். இந்தத் தடவை கண்ணை எடுக்கவில்லை.

தலையை ஆட்டியிருந்தால் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம். கர்ட்டுக்கு ஒரு கெட்ட பெயர் வந்தால் மார்லிஸ் அழப்போவதில்லை. நிலம் இன்னொரு வருஷத்துக்குத் தங்கும்; அதற்குள் எதையாவது சொல்லி, அழுது, பட்டினி கிடந்து அந்தக் கருவியை வாங்கவைத்துவிடலாம். இவ்வளவும் அவள் புத்திக்கு எட்டியது. ஆனால் நெஞ்சில் வேறு ஒன்று கிளம்பிவந்தது. வீட்டுத் தோட்டத்தில் அவள் போட்ட பீன்ஸ் வரிசை கோணல். அவள் சுட்ட ஆப்பிள் பணியாரத்தின் ஓரம் கோணல். திரைச்சீலைத் தையல் கோணல், கடைவீதியில் கார் நிறுத்தினால் கோணல், கல்யாணத்தன்று எடுத்த வகிடுகூடக் கோணல். ஊராரையாவது கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சொன்னார். அவளை மட்டும் முகத்துக்கு நேரே, ஆயுசு முழுக்க. அந்த நேரத்தில் அவளுக்கு வந்தது நேர்மை இல்லை. பிற்பாடு சர்ச்சில் வேண்டுமானால் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். வெறும் ஆத்திரம்தான் வந்தது, அது நாக்கில் தித்தித்தது.

"உன்னுதுய்யா" என்றாள். "நீ விதைச்சது."

"என்னது?"

"இது ஆர்டிஸம்மா நிலம். வடக்கு ரோட்டு வழியா வந்திருக்கோம். அந்தப் பக்கம் இருந்ததுதான் கர்ட்டோடது. அது நேராத்தான் இருக்கு, ஊருல எல்லாரோடதும் நேராத்தான் இருக்கு. கெட்டுப்போனது உன் கண்ணு. இந்த அசிங்கம் உன்னுது."

சொல்லி முடித்ததும் தித்திப்பு போய்விட்டது. பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

ஹார்லன் இறங்கி, பள்ளத்தைத் தாண்டி, முழங்கால் உயரத்துக்கு நின்ற பயிருக்குள் போனார். ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்து அதன் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே நடந்தார். கையை எடுக்காமல் கொஞ்ச தூரம் போனார். வரிசை அவரை வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று, பிறகு இடப்பக்கம். நின்று திரும்பிப் பார்த்தார். தான் நினைத்த இடத்தில் கார் இல்லை என்பது அவருடைய நிற்பிலேயே தெரிந்தது. அவரை அந்தக் கோலத்தில் பார்க்க மார்லிஸுக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"ஆர்டிஸம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க..." என்று தொடங்கினாள்.

"நான் பொறந்த வீட்டு நிலம் எனக்குத் தெரியாதாம்மா? கர்ட் போன வாரமே படம் புடிச்சு அனுப்பிட்டான்." ஆர்டிஸம்மாள் மடியிலிருந்த கைப்பையைச் சரிசெய்துகொண்டாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு முறை பார்த்தாள். "வித்தியாசமாத்தான் இருக்கு."

மார்லிஸ் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்திருந்தும் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது. போன வாரமே படம் அனுப்பியவன், கூடாரத்தில் அன்று காலை ஹார்லனின் தோளைத் தட்டி, "பயிரெல்லாம் நல்லாருக்கா?" என்று கேட்டான். அவன் மூஞ்சியில் பச்சை ஜெல்லியைக் கவிழ்த்திருக்கலாமே என்று அவளுக்கு இப்போது தோன்றியது.

"அறுவடை முடியட்டும். அப்புறம் பேசிக்கலாம்" என்றாள் ஆர்டிஸம்மாள், இன்னும் கனிவாக. அந்த ஊரில் பேசிக்கலாம் என்றால் பேச இனி ஒன்றுமில்லை என்று பொருள்.

ஹார்லன் திரும்பி வந்து பின் சீட்டில் ஏறினார். கால்சட்டையின் முழங்காலில் மண் இருந்தது. விழுந்தாரோ, குனிந்தாரோ தெரியவில்லை. மார்லிஸ் வண்டியை எடுத்தாள். இரண்டு பக்கமும் வயல்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒருவருடைய வயலைப் பற்றியும் பின்னாலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

நெடுஞ்சாலை ஏறும் இடத்தில்தான் வாயைத் திறந்தார்.

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"முளைச்சதுலேருந்து."

"ஊருக்கு?"

"ஊருக்கும்தான்யா."

எதிரே ஒரு பெரிய வெள்ளை பிக்கப் நிதானமாக ஊர்ந்து வந்தது. கர்ட் ஓட்டிக்கொண்டிருந்தான், பக்கத்தில் அவன் மனைவி. வடக்கு மண் ரோட்டுப் பக்கம் போகிறார்கள். கர்ட் புன்னகையோடு ஸ்டீரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தினான். பழக்க தோஷம், மார்லிஸின் விரலும் எழுந்துவிட்டது. அவன் வாய் அசைந்துகொண்டே இருந்தது. அவன் மனைவி சிரித்தாள்.

"யாரு போறது?" என்றார் ஹார்லன்.

"கர்ட்."

அவர் அந்த வண்டி போன பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு, மார்லிஸ் அதுவரை அவரிடம் கேட்டறியாத ஒரு சின்னக் குரலில் கேட்டார்.

"கண்ணாடிய ஏத்தியிருந்தானா?"

"ஏத்தியிருந்தான்" என்றாள் அவள்.